போலந்துக் கவி நோர்விட்

1795ஆம் ஆண்டில் ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று பேரரசுகளும் போலந்து நாட்டை முற்றிலும் பங்கிட்டுக்கொண்டன. நாடிழந்த அம்மக்களுக்கு எஞ்சி நின்ற பெருஞ்செல்வம் அவர்தம் மொழியே. அம்மொழியில் பாடியும், வாழ்நாளில் தம்மைப் படிப்பாரைப் பெறாது மறைந்து, இன்று போலந்தின் புதுமைக் கவிதைக்கு முன்னோடியெனப் போற்றப்பெறும் சிப்ரியன் நோர்விட் என்பாரின் வரலாறு, இலக்கியம் பயிலும் நாம் அறியத்தக்கதாகும்.

நோர்விட் 1821ஆம் ஆண்டில் வார்ஸா நகரை அடுத்த ஒரு சிற்றூரிற் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் அன்னையையும், சில ஆண்டுகளுக்குப் பின் தந்தையையும் இழந்தார். பள்ளிக் கல்வி முற்றுப்பெறுமுன்னரே ஓவியம் பயிலத் தொடங்கினார். கலைப் பயிற்சியின் பொருட்டு 1842இல் தாயகம் நீங்கியவர், மீண்டும் அம்மண்ணை மிதித்திலர். 1846இல் பெர்லின் நகரிற் சிறைப்பட்டார். பின்னர் இத்தாலியிலும், 1849 முதல் பாரிஸிலும் வாழ்ந்தார். செவிப்புலன் நாளடைவிற் குன்றிற்று, வறுமையோ பெருகிற்று. 1853இல் நியூயார்க் சென்று, ஆங்கு நிகழ்ந்த பொருட்காட்சிக்குச் சித்திரம் வரைந்து பிழைத்தார். மறு ஆண்டே ஐரோப்பாவிற்கு மீண்டார்.

தமக்கே இத்துணை இடர் சூழ்ந்திருந்தும், அவர் பிறர் துயரையே பெரிதும் பாடினார். அமெரிக்காவில் அடிமைகளின் விடுதலைக்காகப் படைக்கலம் ஏந்திய ஜான் பிரௌன் 1859இல் தூக்குத் தண்டனைக்கு உள்ளானபோது, அவரை முன்னிலைப்படுத்திக் கவி இயற்றினார். 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ருஷியப் படைவீரர் வார்ஸாவில் ஒரு மாளிகையைச் சூறையாடி, இசைப்புலவர் ஷோப்பானின் பியானோவைச் சாளரத்தின் வழியே தெருவில் வீசி உடைத்தனர். ஷோப்பானின் இறுதி ஆண்டில் அவரோடு பழகியவர் நோர்விட். அச்செய்தி கேட்டு அவர் பாடிய பாட்டு அவருடைய தலைசிறந்த படைப்புக்களுள் ஒன்று. உடைந்தது ஒரு கருவியே. அதனைக் கண்ட கவிஞரோ, உயர்ந்தவை யாவும் இவ்வுலகில் இங்ஙனமே சிதைவுறும் என உணர்ந்து பாடினார்.

அக்காலத்தார் செவிக்கினிய ஓசையையும், பொங்கும் உணர்ச்சியையும் விரும்பினர். நோர்விட்டின் செய்யுளோ செறிவுடையது, சொற்களைச் சுருக்குவது, கூறாது விடுத்ததனாலும் பொருளுணர்த்துவது. மௌனமும் மொழியின் ஓர் உறுப்பே என்பது அவர் கொள்கை. ஆதலின் அவரை விளங்காக் கவியெனப் பலர் ஒதுக்கினர். 1863இல் லைப்சிக் நகரில் ஒரு தொகுதி வெளிவந்தது. ‘என்னுடன் வா’ எனப் பொருள்படும் ‘வாதே மேகும்’ என்ற இலத்தீன் பெயரால் நூறு பாக்களை 1866இல் தொகுத்தார். தம் காலத்தார் கைவிடினும் பேரர் காலத்தார் படிப்பர் என்பது அவர் நம்பிக்கை. எனினும், அவர் உயிரோடிருந்தவரை அந்நூல் அச்சேறவில்லை.

1877இல் பாரிஸை அடுத்த இவ்ரியில், ஏழைப் போலந்தியர்க்கென அமைந்த புனித காசிமீர் இல்லத்திற் புகலடைந்தார். 1883ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அவ்வில்லத்திலேயே உயிர்நீத்தார். அவரது உடல் பின்னர் மொன்மொரான்சி இடுகாட்டில் ஏழையர்க்குரிய பொதுக்குழியைச் சேர்ந்தது.

அவர் நம்பிக்கை பொய்க்கவில்லை. பிஷெஸ்மிட்ஸ்கி என்னும் அறிஞர், சிதறிக்கிடந்த அவருடைய கையெழுத்துப் படிகளைத் தேடித் திரட்டி, 1901இல் தாம் தொடங்கிய ‘கிமெரா’ என்னும் இதழில் வெளியிடலானார். 1948இல் வெளிவந்த ‘சாம்பலும் வைரமும்’ என்ற நாவல், தன் பெயரை நோர்விட்டின் பாட்டொன்றினின்றே பெற்றது. வைதா என்னும் இயக்குநர் 1958இல் அதனைத் திரைப்படமாக்கினார். 2001இல், மொன்மொரான்சிப் பொதுக்குழியின் மண்ணை எடுத்துச்சென்று, கிராக்கோ நகரின் வாவெல் பேராலயத்தில், நாட்டின் மாபெருங் கவிஞர் துயிலும் நிலவறையில் வைத்துப் போற்றினர்.

ஒரு நூல் எளிதில் விளங்காமை அதன் குறையெனத் துணிதல் நமக்கும் இயல்பே. நோர்விட்டை ஒதுக்கியோர் தீயோரல்லர், பொறுமையிலாதோர். படிப்போனையும் பொருள்காணும் முயற்சியிற் பங்குகொள்ளச் செய்தலினாலேயே அவர் பாட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் புதியதாய் நிற்கிறது. அத்தகைய கவிஞர் இன்றும் நம்மிடையே இருத்தல் கூடும். அவரைப் பொறுமையோடு படித்தல் நம் கடனன்றோ?