ஆசனம் போன பிறகும் வேலை இருந்தது

களுபோவில ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கையில் என் அயல்வீட்டில் வன்னி அக்கா ஒருவர் இருக்கிறார். பல வருடங்கள் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்தவர். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத்தேர்வில் வயது கடந்துவிட்டதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது மகளோடு கொழும்பில் இருக்கிறார். அவரைக் காணும்போதெல்லாம் எனக்கு மருத்துவர் மேரி ரட்ணம் நினைவுக்கு வருவார்.

மேரி 1873 இல் கனடாவின் ஒன்ராறியோவில் பிறந்தவர். மருத்துவம் படித்து, 1896 இல் மிஷன் பணிக்காக இலங்கை வந்தார். ஆனால் அவர் மணந்தது சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற தமிழரை. அந்தக் காரணத்துக்காகவே மிஷன் அவரை ஏற்க மறுத்தது. அவர் ஊர் திரும்பவில்லை. கொழும்பிலேயே தங்கிப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1927 இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள்.

1930 இல், 57 வயதில், லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். கனடாவின் கிராமப் பெண்கள் சங்கங்களே அதற்கு முன்மாதிரி. கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடி சுகாதாரம், போசாக்கு, வீட்டுத்தோட்டம், கைவேலை என்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள்.

1937 இல் பம்பலப்பிட்டியில் போட்டியிட்டு, கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண் ஆனார். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரு சட்ட நுணுக்கத்தைக் காட்டி அவரது ஆசனத்தைப் பறித்தார்கள். அப்போது அவருக்கு 64 வயது.

பலர் அத்தோடு ஒதுங்கியிருப்பார்கள். மேரிக்குத் திரும்பிப்போக ஓர் இடம் இருந்தது. சபையில் ஆசனம் கிடைப்பதற்கு முன்பே, எந்தச் சபையும் பறிக்க முடியாத ஒரு வேலையை அவர் கிராமங்களில் தொடங்கி வைத்திருந்தார். அந்தப் பொதுப்பணிக்காக 1958 இல், 85 வயதில், ரமோன் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962 இல் காலமானார்.

மேரியிடம் மருத்துவப் பட்டம் இருந்தது, வீடு இருந்தது, ஆள்பழக்கம் இருந்தது. போரில் எல்லாம் இழந்த ஒருவரிடம் போய் அவரைப்போல எழும்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவுக்கு வேண்டியது முதலில் நியாயமான நியமனம். அதை மறுத்தவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஆனாலும் ஒருநாள் இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். விருதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்தக் கூட்டங்களுக்குப் பெண்கள் எத்தனை மணிக்கு வருவார்கள், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்டார்.