கேளாச் செவியும் கேட்க மறுத்த உறவுகளும்

ஆட்சியாளரைக் கண்டித்து எழுதும் வேளைகளில், செவிடன் காதில் ஊதிய சங்கு என்னும் பழமொழியைப் பத்திரிகை ஆசிரியர்களாகிய நாம் தயக்கமின்றி எடுத்தாண்டு வந்துள்ளோம். வேண்டுமென்றே கேளாதிருப்பவரையும் கேட்க இயலாதவரையும் ஒரே தட்டில் வைக்கும் இச்சொற்கள், செவிப்புலன் குன்றியவரை எவ்வளவு புண்படுத்தும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற எழுத்தாளரும், சமூகவியலின் முன்னோடிகளுள் ஒருவராக இன்று மதிக்கப்படுபவருமான ஹெரியட் மார்ட்டினோ அம்மையாரின் வாழ்க்கை, அதனை எண்ணிப் பார்க்குமாறு எம்மை வற்புறுத்துகின்றது.

அம்மையார் 1802 ஜூன் 12 ஆம் திகதி நோர்விச் நகரில், துணி உற்பத்தியாளர் ஒருவரின் எட்டுப் பிள்ளைகளுள் ஆறாமவராகப் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் குன்றத் தொடங்கிய அவரது செவிப்புலன், இருபது வயதை அண்மிக்கையில் பெரிதும் பாதிக்கப்பட்டது. அதனிலும் கொடியதாக அமைந்தது வீட்டாரின் போக்கு. கவனமாகக் கேட்டால் கேட்கும் என்றும், குறை காதில் இல்லை, அவளது அசட்டையிலேயே உள்ளது என்றும் அவர்கள் கருதினர். உடற்குறை ஒன்று ஒழுக்கக் குறையாக மாற்றப்பட்டது. பிறர் முன்னிலையில் எழுந்த ஏளனமும் எரிச்சலும், நாளுக்கு நாள் அந்த இளம்பெண்ணின் மனத்தைக் குத்தின.

இந்நிலையில் அவர் ஓர் உறுதியை மேற்கொண்டார். என்ன பேசப்பட்டது என்று எவரிடமும் ஒருபோதும் கேட்பதில்லை என்பதே அது. அறிய வேண்டியது எதுவாயினும், அதனை அருகிலிருப்போர் தாமாகவே சொல்வர் என அவர் நம்பினார். அன்பாகவும் கடுமையாகவும் பலர் ஆட்சேபித்த போதிலும், அவர் அவ்வுறுதியைக் கைவிடவில்லை.

1826 இல் தந்தை மறைந்தார். 1829 இல் குடும்ப வணிகமும் முறிந்தது. அக்காலத்தில் நடுத்தரக் குடும்பப் பெண்களுக்குத் திறந்திருந்த தொழில், செல்வந்தர் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாகும். செவிப்புலன் குறைபாடு அந்த வாயிலையும் அடைத்தது. எனவே தையல் வேலையும் எழுத்துமே அவருக்கு வாழ்வாதாரமாயின. பொருளியற் கோட்பாடுகளைக் கதை வடிவில் விளக்கி 1832 முதல் 1834 வரை அவர் எழுதிய நூல்வரிசை, அவரை நாடறிந்த எழுத்தாளராக்கியது. 1833 இல் வெளியான அவ்வரிசைக் கதையொன்று, எமது நாட்டின் கறுவாவையும் முத்துக்குளிப்பையும் பற்றியதாகும். இலங்கைக்கு வந்தேயிராத அவர், ஏகபோக வணிகத்தால் இங்குள்ள ஏழை மக்கள் நலிவுறுவதை அதில் எடுத்துக்காட்டினார். தமது வீட்டில் செவிசாய்க்கப்படாத ஒருவர், கடல் கடந்த மக்களின் குறைக்குச் செவிசாய்த்தமை குறிப்பிடத்தக்கது.

புகழின் உச்சியில் நின்ற வேளையிலும் அவர் தமது குறையை மறைக்கவில்லை. 1834 இல் எடின்பரோ சஞ்சிகையொன்றில், செவிப்புலன் குன்றியோருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்தார். உண்மையை ஒளிக்காதீர், செவிக்குழலைப் பயன்படுத்த வெட்கப்படாதீர், மனக்கசப்புக்கு இடங்கொடாதீர் என்பனவே அதன் சாரமாகும். குறை பெரிதல்ல என்று பொய்யாகத் தேற்றி, செவிக்குழலை நாடவிடாது தடுக்கும் நண்பர்களின் பரிவையும் அவர் கண்டித்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்கா சென்று, இரண்டாண்டுக் காலம் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்தார். காது கேளாதவர் ஒரு நாட்டை எவ்வாறு அறிய முடியும் என்ற ஐயத்துக்கும் அவரிடம் விடையிருந்தது. செவிக்குழலை நீட்டியதும் எதிரிலிருப்பவர் நெருங்கி வந்து மனந்திறந்து பேசியதனால், பொது உரையாடலில் கிட்டாதவை தமக்குக் கிட்டியதாக அவர் கருதினார். பின்னாளில், 1852 முதல் 1866 வரை, இலண்டன் டெய்லி நியூஸ் நாளிதழுக்கு 1600 அளவிலான தலையங்கங்களை எழுதினார். 1876 ஜூன் 27 ஆம் திகதி, தமது 74 ஆவது வயதில் காலமானார்.

அம்மையாரின் அறிவுரையில் எமக்கு ஒரு தயக்கமும் உண்டு. பொறுமையின் சுமை முழுவதையும் அவர் செவிப்புலன் குன்றியோர் மீதே ஏற்றினார். எனினும், பிறர் தாமாகச் சொல்வர் என்ற நம்பிக்கையின் மீதே அவரது உறுதி நின்றது என்பதை நாம் மறத்தலாகாது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் கடமை கேட்கும் செவியுடைய எம்முடையதேயாகும்.

குண்டுச் சத்தங்களுக்கு மத்தியில் பல்லாண்டுகள் வாழ்ந்த நாடு இது. கேட்பொறி அணியக் கூசும் இளைஞர்களும், திருமணப் பேச்சின் பொருட்டுக் குறையை மறைக்குமாறு பணிக்கப்படும் யுவதிகளும் எம்மத்தியில் உள்ளனர். என்ன சொன்னீர்கள் என அவர்கள் வினவும்போது, ஒன்றுமில்லை என்று தட்டிக்கழிப்பதும், கூடியிருப்போர் நகைப்பதும் சிறிய செயல்களாகத் தோன்றலாம். ஒருவரைச் சபையிலிருந்து வெளியேற்றுவதற்கு அச்சிறு செயல்களே போதுமானவை. முகம் பார்த்து, நிதானமாக, மீண்டும் ஒரு முறை சொல்வதற்கு எவருக்கும் எந்தச் செலவும் இல்லை.

எம்மைப் பொறுத்தவரை, அந்தப் பழமொழியை இப்பத்தியில் இனி எழுதுவதில்லை எனத் தீர்மானித்துள்ளோம்.