25 வயதில் ஒரு கேள்வி... உ.வே.சா.வின் வாழ்க்கை திசைமாறியது எப்படி?

படிப்பு முடிஞ்சாச்சு, நல்ல வேலையும் கிடைச்சாச்சு. துறையில் ஓரளவு பெயரும் வந்தாச்சு. இந்த நேரத்தில் ஒருவர் வந்து, இதுவரை படித்ததால் என்ன பயன் என்று கேட்டால் எப்படி இருக்கும்? தமிழ்த் தாத்தா என்று நாம் கொண்டாடும் உ.வே.சாமிநாதையருக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அப்போது அவர் தாத்தா இல்லை, 25 வயது இளைஞர்.

அதற்கு முன் அவர் யார்?

1855 பிப்ரவரி 19-ல் பிறந்தவர். சொந்த ஊர் தஞ்சை மாவட்டம் பாபநாசம் அருகே உள்ள உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் இசைக் கலைஞர். மகனுக்கும் இசை வந்தது. ஆனால் மனசு முழுக்கத் தமிழில் இருந்தது.

1871-ல் மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றார். ஆசிரியருக்கு அதில் விருப்பம் இல்லை என்று தெரிந்ததும் இசைப் பயிற்சியை விட்டுவிட்டார். ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டிய நிலை அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

1876-ல் ஆசிரியர் இறந்தார். திருவாவடுதுறை ஆதீனம் ஆதரவு கொடுத்தது. 1880-ல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவருடைய சிபாரிசில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் புலவருக்கு இதைவிட நிம்மதியான இடம் கிடைப்பது கஷ்டம்.

அந்த ஒரு சந்திப்பில் என்ன நடந்தது?

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார் உ.வே.சா. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று நீளமான பட்டியலையே அடுக்கினார் உ.வே.சா. எதிரே இருந்தவர் முகத்தில் வியப்பே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற பாணியில் பேசிய முதலியார், சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார்.

இல்லை. அவருடைய ஆசிரியரிடமும் அவற்றைப் பாடம் கேட்டதில்லை. அன்றைய தமிழ்ப் படிப்பின் வழக்கமே அப்படித்தான். பிற்கால இலக்கியங்கள்தான் பாடம். பழைய காப்பியங்களும் சங்க நூல்களும் பெரும்பாலும் ஓலைச்சுவடிகளில், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தன.

ஏன் அது அவ்வளவு கஷ்டமாக இருந்தது?

முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைத் திறந்தால் ஒன்றுமே பிடிபடவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் புரியவில்லை. உரையில் வந்த மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்றும் தெரியவில்லை.

சிந்தாமணி சமணக் காப்பியம். உ.வே.சா. வளர்ந்ததோ சைவச் சூழல். அங்கே அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அதனால் கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போனார். அங்கே அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. புலவர்களுக்கே புரியாத அந்த நூலை, ஒரு சமணர் வீட்டில் மாதக்கணக்கில் வாசித்து, அன்றுதான் நிறைவு விழா கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி ஆசிரியர் அவர்களிடம் மாணவராக உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். பின்னால் மணிமேகலையில் பௌத்தம் புரியாமல் தவித்தபோதும் இதே வழிதான். உடன் பணியாற்றிய மளூர் ரங்காச்சாரியாரிடம் பௌத்தக் கருத்துகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சுவடி படிப்பதும் லேசான வேலை இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது. எகரம் குறிலா நெடிலா என்று ஊகிக்க வேண்டும். ஒரு சுவடியில் இருப்பது இன்னொன்றில் மாறியிருக்கும். எனவே பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து, வரி வரியாக ஒப்பிட்டால்தான் சரியான பாடம் கிடைக்கும்.

வேலையை விட்டாரா?

இல்லை. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, மிச்ச நேரத்தில்தான் இது நடந்தது. இன்றைய மொழியில் சொன்னால் சைட் ப்ராஜெக்ட். விடுமுறை கிடைத்தால் சுவடி தேடி ஊர் ஊராகப் பயணம். கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நாள் தள்ளிப்போனால் இன்னும் எத்தனை நூல்கள் அழியும் என்பது அவருக்கு அப்படித்தான் உறைத்தது.

பணமும் பிரச்சினைதான். முன்கூட்டியே வாங்க ஒப்புக்கொள்கிறவர்களிடம் கையொப்பம் வாங்கி அச்சுச் செலவைச் சமாளித்தார். முதலியாரைச் சந்தித்து 7 ஆண்டுகள் கழித்து, 1887-ல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. பாராட்டு மட்டுமே வரவில்லை, குறை சொல்லித் துண்டுப் பிரசுரங்களும் வந்தன. அவர் அடுத்த நூலுக்குப் போய்விட்டார்.

பிறகு?

1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1919-ல் ஓய்வு பெற்ற பிறகும் பதிப்புப் பணி நிற்கவில்லை. குறுந்தொகைப் பதிப்பு 1937-ல் வந்தபோது அவருக்கு வயது 82.

இதை அவர் தனியாளாகச் செய்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆறுமுக நாவலரும் சி.வை.தாமோதரம் பிள்ளையும் ஏற்கெனவே பழைய நூல்களை அச்சில் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். சுவடி கொடுத்தவர்கள், ஒப்பிட்டுப் படிக்க உதவியவர்கள், பணம் தந்தவர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அவருக்குப் பின்னால் இருந்தது.

பழைய படிப்பு வீணாகிவிட்டதா? அதுவும் இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பெற்ற இலக்கணப் பயிற்சியும் யாப்பு அறிவும்தான் சிதைந்த ஏட்டில் விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்க உதவின. அதே அறிவை வேறு ஒரு வேலைக்குத் திருப்பினார், அவ்வளவுதான். அந்த ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றையும் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

1942 ஏப்ரல் 28-ல் திருக்கழுக்குன்றத்தில் உ.வே.சா. காலமானார். ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த அவருடைய சுயசரிதை என் சரித்திரம், முடிவு பெறாமலே நின்றுபோனது. ஆனால் முதலியாரைச் சந்தித்த நாளின் கதை அதில் இருக்கிறது. சுமார் 60 ஆண்டுகள் கழித்தும் அந்தத் தேதியும் கிழமையும் அவருக்கு மறக்கவில்லை.