கட்டட வேலைக்காரர் வென்ற உலகப் பந்தயம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வரப்பிலும் பனங்காட்டிலும் ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு மைதானம் தேவையில்லை. காடு, மேடு, சேறு, வேலி, வாய்க்கால் எது குறுக்கிட்டாலும் தாண்டி ஓடுவார்கள். இப்படி ஓடுவதையே ஒரு பந்தயமாக வகுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அதற்குப் பெயர் கிராஸ் கன்ட்ரி ஓட்டம்.

அந்த ஓட்டத்தின் முதல் சர்வதேசப் போட்டியில் முதலாவதாக வந்தவர் பெரிய வீட்டுப் பிள்ளையல்ல. கட்டட வேலை செய்து பிழைத்த ஓர் இளைஞர். ஆல்ஃப்ரெட் ஷ்ரப் என்பது அவர் பெயர்.

தீயணைப்பு வண்டியோடு

இங்கிலாந்தின் தென்பகுதியில், சஸெக்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்த ஸ்லின்ஃபோல்ட் என்னும் சிற்றூரில் 1879 டிசம்பர் 12ஆம் தேதி ஷ்ரப் பிறந்தார். உயரம் குறைவு, உடம்பும் மெலிவு. இளம் வயதிலேயே வேலைக்குப் போனார்.

ஒருநாள் பக்கத்து ஊரில் தீப்பிடித்தது. அந்நாளில் தீயணைப்பு வண்டியைக் குதிரைகள் இழுத்தன. ஷ்ரப், வேலை உடுப்போடும் கனத்த பூட்ஸோடும் அந்த வண்டிக்குச் சளைக்காமல் சில மைல் தூரம் ஓடினார் என்று சொல்வார்கள். ஹார்ஷம் நகர ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த ஒருவர் அதைக் கண்டார். ஷ்ரப் அந்தக் கழகத்தில் சேர்க்கப்பட்டார். அதன் பிறகு அவருக்கு ஏறுமுகம்தான். 1901 முதல் 1904 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இங்கிலாந்தின் தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டம் அவருக்கே கிடைத்தது.

முதல் சர்வதேசப் போட்டி

1903 மார்ச் 28ஆம் தேதி ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் நகரக் குதிரைப் பந்தயத் திடலில் முதல் சர்வதேச கிராஸ் கன்ட்ரி போட்டி நடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு அணிகள் கலந்துகொண்டன. ஒவ்வோர் அணியிலும் முன்னால் வரும் ஆறு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கு வெற்றி. இங்கிலாந்து அணி வென்றது. தனிநபர் பட்டத்தை ஷ்ரப் பெற்றார். மறு ஆண்டும் அவரே முதலிடம்.

1904 நவம்பர் 5ஆம் தேதி கிளாஸ்கோ நகரில் ஒரு மணி நேரத்தில் 11 மைல் 1,137 கஜம் ஓடினார். ஏறக்குறைய பதினெட்டே முக்கால் கிலோமீட்டர். கொழிஞ்சாம்பாறையில் புறப்பட்டவர் பாலக்காட்டை நெருங்கிவிடும் தூரம்! வழியிலேயே பல தூரங்களுக்கான சாதனைகளையும் அவர் முறியடித்தார். 1913இல் பிரான்ஸின் ஜீன் பூவான்தான் அந்த ஒரு மணி நேரத் தூரத்தைக் கடந்து 19,021 மீட்டர் ஓடினார்.

தடை

அக்காலத்து விதி ஒன்று ஏழை வீரர்களின் கழுத்தை இறுக்கியது. பந்தயத்தில் ஓடுகிறவர் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. 1860களில் இன்னும் மோசம். உடலுழைப்புத் தொழிலாளி அமெச்சூர் பந்தயங்களில் சேரவே முடியாது என்று லண்டன் கனவான்கள் விதி வகுத்திருந்தார்கள். 1880இல் தோன்றிய அமெச்சூர் தடகளச் சங்கம் அதை நீக்கியது. தொழிலாளி ஓடலாம் என்றாயிற்று. ஆனால் ஓடப் போன நாளில் இழந்த கூலியை யார் தருவது? சொத்துள்ளவனுக்கு அந்தக் கவலை இல்லை.

பந்தயங்களுக்குப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1905இல் அச்சங்கம் ஷ்ரப்பை ஆயுள் முழுவதும் விலக்கி வைத்தது. 1904 ஒலிம்பிக் அமெரிக்காவில் நடந்தபோது பிரிட்டன் அதிகாரபூர்வக் குழுவை அனுப்பவில்லை. 1908 ஒலிம்பிக் லண்டனிலேயே நடந்தது. அப்போது அவர் தடையில் இருந்தார். ஆக, தம் காலத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர் ஒரு முறைகூட ஒலிம்பிக்கில் ஓடவில்லை.

பிழைப்புக்காகக் கடல் கடந்து

ஷ்ரப் மனம் ஒடிந்துவிடவில்லை. ஓட்டத்தையே தொழிலாக்கிக்கொண்டு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார். குதிரையோடும் பந்தயம் ஓடினார். கனடாவின் பழங்குடி வீரர் டாம் லாங்போட்டைக் குறைந்த தூரங்களில் வென்றார். ஆனால் 1909இல் நியூயார்க்கில் நடந்த மாரத்தானில் வெகுதூரம் முன்னால் சென்றும், 24ஆம் மைல் அளவில் தளர்ந்து விலகினார். வெற்றி லாங்போட்டுக்குப் போயிற்று.

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். 1928இல் கனடாவின் பௌமன்வில் ஊரில் குடியேறினார். பிறந்த மண்ணை விட்டு வந்தவருக்கு அதுவே சொந்த ஊராயிற்று.

1953இல், 48 ஆண்டுகள் கழித்து, தடை நீக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 73. ஓடும் காலம் எப்போதோ போய்விட்டது. 1964 ஏப்ரல் 23ஆம் தேதி தமது 84ஆம் வயதில் காலமானார்.

அவர் முதலில் வென்ற போட்டி 1973இல் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பாக மாறியது. இன்று அதில் வெல்பவர்களுக்குப் பரிசுப் பணம் உண்டு. அதைப் பெறுவது குற்றமல்ல. உழைத்த காலுக்கு உரிய கூலியை வாங்கியதற்காக ஷ்ரப் ஓர் ஆயுளையே விலையாகக் கொடுத்தார்.