ஹோமி ஜஹாங்கீர் பாபா

மத்தாப்பின் பச்சை ஒளிக்குப் பேரியமும் செவ்வொளிக்கு ஸ்ட்ரான்ஷியமும் காரணம் என்பதைச் சிவகாசி, விருதுநகர்ப் பகுதிகளில் வளர்ந்த நாம் அறிவோம். ஒளி அணைந்த பின்னும் அவ்வுலோகங்கள் அழிவதில்லை. புகையாயும் சாம்பலாயும் மண்ணையும் நீரையும் சேர்கின்றன. கலந்த உலோகத்தை மீளப் பிரிக்கும் கலை நம் நாட்டில் வேரூன்ற வழிசெய்த பெரியார் ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பாபா 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் பார்ஸிக் குடும்பமொன்றில் தோன்றினார். தந்தையார் அவரைப் பொறியாளராக்க விழைந்து, 1927-ல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். மைந்தர் உள்ளமோ கணிதத்திலும் பௌதிகத்திலும் ஆழ்ந்தது. எனினும் தந்தை சொல்லைத் தட்டாது, பொறியியலில் முதல் வகுப்பில் தேறிய பின்னரே தாம் விரும்பிய துறையைக் கைக்கொண்டார்.

1939-ல் விடுமுறைக்கு வந்தவரைப் பெரும்போர் இங்கேயே நிறுத்திற்று. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றுங்கால், உயர்ந்த ஆராய்ச்சி இந்நாட்டிலேயே நிகழவேண்டும் என்னும் எண்ணம் அவருள் முதிர்ந்தது. அதன் பயனாக 1945-ல் டாடா ஆராய்ச்சி நிலையமும், 1954-ல் டிராம்பே அணுசக்தி நிலையமும் எழுந்தன.

டிராம்பேயில் 1964-ல் ஹோமி சேத்னா முன்னின்று நடத்த, இந்தியப் பொறியாளர் பிரிப்பாலை ஒன்றைக் கட்டி முடித்தனர். அணு உலையில் பயன்பட்ட யுரேனியக் கோல்களை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மண்ணெண்ணெய் போன்றதொரு நெய்யில் டிரைபியூட்டைல் பாஸ்பேட்டைச் சேர்த்து அதனுடன் கலப்பர். யுரேனியமும் புளூட்டோனியமும் நெய்யைச் சேரும். ஏனைய கழிவு அமிலத்திலேயே நிற்கும். இங்ஙனம் கிட்டிய புளூட்டோனியமே 1974-ல் பொக்ரானில் வெடித்த கருவிக்கும் பயன்பட்டது. ஆக்கவும் அழிக்கவும் வல்ல கலை இஃது என்பதை மறைத்தல் முறையன்று.

1966-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், அவர் சென்ற விமானம் மாண்ட் பிளாங்க் மலையில் மோதி வீழ, பாபா தமது 56-ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டில் டிராம்பே நிலையம் அவர் பெயரைப் பெற்றது. அந்நிலையத்தார் இக்கலையைப் பின்னும் நுணுக்கினர். நுண்ணிய துளைகளுடைய மெல்லிய தாளொன்றில் உலோகத்தைக் கவரும் நெய்யை ஊறவைத்தால், அது திரவச் சவ்வாகின்றது. ஒருபுறத்து அமிலத்திலுள்ள உலோகம் அச்சவ்வைக் கடந்து மறுபுறத்து நீர்மத்தை அடைகின்றது. முன்னர்க் குடங்குடமாய் வேண்டிய நெய், இம்முறையில் சிறிதே போதும்.

பட்டாசில் பேரிய உப்புக்களைச் சேர்த்தலை உச்சநீதிமன்றம் 2018-ல் தடுத்தது. தடை இனி வருவதையே காக்கும். முன்னரே நம் நிலத்திற் சேர்ந்ததை அது நீக்காது. ஒவ்வோர் உலோகத்திற்கும் ஏற்ற நெய்யைத் தேர்தல் பேருழைப்பு. அவ்வுழைப்பை ஏற்கும் கடமை, அந்நீரைப் பருகி வளர்ந்த நமக்கே முதற்கண் உரியது.