ஹீரோக்கள் வேற வேற... துப்பாக்கி தந்தவர் ஒருத்தர்தான்! யார் இந்த ஜான் பிரவுனிங்?

ஜேம்ஸ் பாண்ட் என்றால் வால்தர் பிபிகே. டர்ட்டி ஹாரி என்றால் .44 மேக்னம். இப்படி ஒவ்வொரு ஆக்‌ஷன் ஹீரோவுக்கும் ஒரு துப்பாக்கி இருக்கும். ஆனால் 'ஸ்டேஜ்கோச்' ஜான் வெய்ன், 'டெர்மினேட்டர் 2' அர்னால்ட், 'சேவிங் பிரைவேட் ரையன்' டாம் ஹாங்ஸ்... மூணு பேர் துப்பாக்கியையும் வடிவமைத்தது ஒரே ஆள்தான்.

பட்டறையில் வளர்ந்த பையன்

1855-ல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில், ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார் ஜான் மோசஸ் பிரவுனிங். அப்பாவுக்குத் துப்பாக்கி செய்வதுதான் தொழில். பையன் வளர்ந்ததே பட்டறையில்தான். 1879-ல் முதல் காப்புரிமை வாங்கினார். அந்த ரைஃபிளின் உரிமையை 1883-ல் வின்செஸ்டர் நிறுவனம் 8,000 டாலருக்கு வாங்கியது.

சுழற்றும் ஸ்டைல் எப்படி வந்துச்சு?

அடுத்து ஷாட்கன். முன்பக்கப் பிடியை இழுத்துத் தள்ளும் 'பம்ப்' முறைதான் சரி என்று நினைத்தார் பிரவுனிங். லீவர்தான் வேண்டும் என்றது வின்செஸ்டர். அப்படி வந்தது 1887 மாடல். 1991-ல் பைக்கில் போய்க்கொண்டே அர்னால்ட் ஒரு கையால் சுழற்றி லோடு செய்வாரே, அதுதான் இது. லீவர் இல்லையென்றால் அந்தக் காட்சியே இல்லை!

1939-ல் வெளியான 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஜான் வெய்ன் சுழற்றியது 1892 மாடல் ரைஃபிள். கதை நடப்பதோ 1880-ல். துப்பாக்கி வருவதற்கு 12 வருஷம் முன்னாடியே ஹீரோ கைக்கு வந்துவிட்டது.

டாங்க் முன்னால் ஒரு பிஸ்டல்

ராயல்டி கேட்டபோது வின்செஸ்டர் மறுத்ததால், 1902-ல் அந்த உறவு முறிந்தது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தோடு கைகோத்தார். கோல்ட் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த பிஸ்டல், சோதனையில் 6,000 தோட்டாக்களைச் சிக்கல் இல்லாமல் சுட்டது. 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த எம்1911, 1985 வரை அதன் அதிகாரப்பூர்வ பிஸ்டல். டாங்க்கை நோக்கி டாம் ஹாங்ஸ் சுடுவது இதைத்தான்.

திரைக்கு வெளியே...

சினிமாவில் கட் சொன்னதும் செத்தவர் எழுந்துவிடுவார். நிஜத்தில் அப்படி இல்லை. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்டதும் பிரவுனிங் வடிவமைத்த எஃப்.என். பிஸ்டல்தான். அந்தக் கொலை முதல் உலகப்போருக்குத் திரி கிள்ளியது.

அமெரிக்காவும் போரில் இறங்கியபோது, தன் வடிவமைப்புகளுக்கு அரசு தந்த 7,50,000 டாலரை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். ராயல்டி கேட்டிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும். அதில் ஒன்றான பி.ஏ.ஆர். தானியங்கி ரைஃபிளை 1918-ல் பிரான்ஸ் போர்முனைக்கு எடுத்துப்போனவர்களில் அவருடைய மகன் வாலும் ஒருவர். அப்பா செய்த ஆயுதம், குண்டு பாயும் இடத்தில் மகன் கையில்!

மகன் உயிரோடு திரும்பினார். அப்பா, 1926 நவம்பர் 26 அன்று பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், எஃப்.என். ஆலையில் வேலையில் இருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். வயது 71. கையில் 128 காப்புரிமைகள். அவர் பாதியில் விட்ட ஷாட்கனை முடித்துக் கொடுத்தவர் அதே வால்தான்.

அடுத்த முறை ஹீரோ துப்பாக்கியைச் சுழற்றும்போது, ஆக்டன் பட்டறைப் பையனையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கூடவே, சரயேவோவையும்!