வேலூரில் உறங்கும் கண்டியின் கடைசி அரசர்: ஒரு வம்சம் அரியணை ஏறியதும் நாடு கடத்தப்பட்டதும் எப்படி?

தோல் தொழிலுக்குப் பேர்போன வாணியம்பாடி, ஆம்பூரைத் தாண்டி வேலூருக்கு வருகிறது பாலாறு. வேலூரில் அதன் கரையில் ‘முத்து மண்டபம்’ என்று ஒரு நினைவிடம் இருக்கிறது. நகரின் நடுவே உள்ள கோட்டைக்குள் போனால் ‘கண்டி மகால்’ என்ற கட்டிடத்தைப் பார்க்கலாம். இலங்கையில் இருக்கும் கண்டியின் பெயர் வேலூருக்கு எப்படி வந்தது?

இரண்டுக்கும் காரணம் ஒரே மனிதர்தான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. இன்னாரின் சொந்தக்காரர் என்பதால் அவருக்கு அரியணை கிடைத்தது. அவருக்குச் சொந்தக்காரர் என்பதாலேயே ஒரு குடும்பம் முழுக்க நாட்டை இழந்தது.

மதுரையில் இருந்து கண்டிக்கு

கதை 1739-ல் தொடங்குகிறது. கடலோரப் பகுதிகள் எல்லாம் டச்சுக்காரர்கள் கையில் இருந்தன. மலைநாடான கண்டி மட்டும் சிங்கள அரசர்களின் ஆட்சியில் தனித்து நின்றது. அந்த ஆண்டு அரசர் நரேந்திரசிங்கன் இறந்தார். அவருக்குப் பட்டத்து ராணி வழியில் வாரிசு இல்லை. வேறொரு மனைவிக்குப் பிறந்த மகன் இருந்தார். ஆனால் தாய் அரச குலம் இல்லை என்று அவர் ஒதுக்கப்பட்டார்.

கண்டி வழக்கப்படி அரசராக வருபவரின் தாயும் அரச குலமாக இருக்க வேண்டும். அதனால்தான் அங்கிருந்து மதுரைப் பக்கம் பெண் எடுக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. நரேந்திரசிங்கனின் ராணியும் மதுரை நாயக்கர் குடும்பம். கடைசியில் ராணியின் தம்பிக்கே மகுடம் போனது. அதாவது மச்சானுக்குப் பட்டம். ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அவர் ஆண்டார்.

அவருக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், அடுத்து ராஜாதிராஜசிங்கன் என்று நாயக்கர் ஆட்சி தொடர்ந்தது. தென்னிந்தியாவில் இருந்து வந்த இந்தக் குடும்பம் அங்கே பௌத்தத்தைப் போற்றியது. நலிந்து கிடந்த பிக்கு மரபு 1753-ல் சயாமில் இருந்து வந்த துறவிகளால் மீண்டும் உயிர்பெற்றது கீர்த்தி ஸ்ரீயின் காலத்தில்தான். ஆனாலும் அரசர்கள் வெளியூர்க்காரர்கள் என்ற முணுமுணுப்பு அரண்மனையில் அடங்கவே இல்லை. 1760-ல் கீர்த்தி ஸ்ரீயைக் கொல்லவே ஒரு சதி நடந்தது.

18 வயதில் மகுடம்

1798-ல் ராஜாதிராஜசிங்கன் வாரிசு இல்லாமல் இறந்தார். அப்போது அரண்மனையில் செல்வாக்கு மிக்கவர் பிலிமத்தலாவை. அரசருக்கு அடுத்த இடமான மகா அதிகாரம் பதவியில் இருந்தவர். ராணி வழி உறவினரான கண்ணுசாமியை அவர்தான் அரியணையில் ஏற்றினார். கண்ணுசாமிக்கு அப்போது வயது சுமார் 18.

சின்னப் பையன், சொன்னபடி கேட்பான் என்பது கணக்கு. உண்மையான அதிகாரம் தன்னிடமே இருக்கும், சமயம் பார்த்து நாமே அரசராகிவிடலாம் என்று பிலிமத்தலாவை நினைத்தார். ஆனால் பையன் பொம்மையாக இருக்க மறுத்துவிட்டான்.

இதற்குள் கடலோரத்தில் டச்சுக்காரர்களின் இடத்துக்கு ஆங்கிலேயர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு சொந்தக்காரர் கிடைத்தார். இறந்த அரசரின் ராணிக்குச் சகோதரரான முத்துசாமி, தனக்குத்தான் உரிமை என்று சொல்லிக்கொண்டு ஆங்கிலேயர் பக்கம் போனார். 1803-ல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்து அவரை அரசராக்கியது.

அது சில மாதங்களே நிலைத்தது. காய்ச்சல் படையை வாட்டியது. கண்டி வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் மேஜர் டேவி சரணடைந்தார், முத்துசாமியையும் ஒப்படைத்தார். முத்துசாமிக்கு மரண தண்டனை. ஆங்கிலேய வீரர்கள் மகாவலி ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார்கள்.

அழகிய ஏரியும் ஆறாத ரத்தமும்

இன்று கண்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஏரி, இந்த அரசர் வெட்டியது. தலதா மாளிகையின் முகப்பில் உள்ள எண்கோண மண்டபமும் அவர் காலத்தது. ஆனால் இந்தப் பணிகளுக்கு மக்களிடம் வாங்கிய கட்டாய உழைப்பு கடும் வெறுப்பைச் சம்பாதித்தது.

அரசருக்கும் பிரபுக்களுக்கும் இடையே பகை முற்றியது. தன்னை அரியணை ஏற்றிய பிலிமத்தலாவையின் தலையையே அவர் வாங்கினார். அடுத்து அந்தப் பதவிக்கு வந்த எகலப்பொல 1814-ல் கிளர்ச்சி செய்து, ஆங்கிலேயரிடம் தப்பி ஓடினார். அரசரின் கோபம் அவருடைய குடும்பத்தின் மேல் பாய்ந்தது. மனைவியும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். இலங்கையில் இன்றும் மறக்கப்படாத கொடூரம் அது. ஆங்கிலேயர்கள் இதைப் பெரிதாகப் பேசித் தங்கள் படையெடுப்புக்கு நியாயம் தேடினார்கள் என்பது உண்மை. அதற்காக நடந்தது இல்லை என்று ஆகிவிடாது.

ஆங்கிலேய அதிகாரி ஜான் டாய்லி பல ஆண்டுகளாக ஒற்றர்களை வைத்துப் பிரபுக்களைத் தம் பக்கம் இழுத்து வந்தார். அதனால் 1815-ல் படை வந்தபோது பெரிய எதிர்ப்பே இல்லை. பிப்ரவரி 18-ம் தேதி அரசர் பிடிபட்டார்.

சொந்தக்காரர் என்றாலே குற்றம்

1815 மார்ச் 2-ம் தேதி ஆளுநர் பிரவுன்ரிக்கும் கண்டிப் பிரபுக்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதுதான் கண்டி ஒப்பந்தம். அரசர் பதவி இழந்தார் என்பதோடு அது நிற்கவில்லை. அவருடைய குடும்பத்துக்கும் உறவினர்களுக்கும் இனி எந்தக் காலத்திலும் அரியணையில் உரிமை கிடையாது என்றது.

அடுத்த பிரிவு இன்னும் கடுமையானது. ரத்த உறவோ, திருமண உறவோ, அரசருக்கு உறவினர் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்கள் எல்லோரும் கண்டிக்கு எதிரிகள். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது, மீறினால் ராணுவச் சட்டப்படி தண்டனை. ஒருவர் என்ன செய்தார் என்பது கேள்வியே இல்லை, யாருக்குச் சொந்தம் என்பதே போதும்.

அந்த வம்சத்தின் பெயருக்கு இருந்த செல்வாக்கு இரண்டே ஆண்டில் தெரிந்தது. 1817-ல் ஊவாப் பகுதியில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அதில் அரசராக முன்னிறுத்தப்பட்டவர், தான் நாயக்க வம்சத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டார். விசாரித்தால், அவர் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு! அரச குடும்பத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் படை திரட்ட அந்தப் பெயர் தேவைப்பட்டது. 1818-ல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அதன் தலைவர்களில் ஒருவரான கெப்பட்டிபொல தூக்கிலோ சிறையிலோ அல்ல, தலை வெட்டப்பட்டு இறந்தார்.

ஏன் வேலூர்?

அரசரைக் கொழும்பில் வைத்திருப்பதே ஆபத்து என்று ஆங்கிலேயர்கள் நினைத்தார்கள். 1816 தொடக்கத்தில் ராணிகள், உறவினர்கள், பணியாளர்களோடு அவர் கப்பலில் மதராஸுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து வேலூர் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அரச குடும்பங்களைக் காவலில் வைப்பது இந்தக் கோட்டைக்குப் புதிதல்ல. திப்பு சுல்தானின் குடும்பம் இங்கேதான் இருந்தது. 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்கள் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்கள். பத்து ஆண்டு கழித்துக் கண்டி குடும்பம் வந்து சேர்ந்தது.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832 ஜனவரி 30-ம் தேதி வேலூரில் இறந்தார். வயது 52. அரியணையில் இருந்தது சுமார் 17 ஆண்டு, காவலில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே 17 ஆண்டு. பாலாற்றங்கரையில் இறுதிச் சடங்கு நடந்தது. அந்த இடத்தில்தான் தமிழக அரசு 1990-ல் முத்து மண்டபம் கட்டியது.

வம்சம் என்ன ஆனது?

அரசரின் மகன் 1843-ல் குழந்தை இல்லாமல் இறந்தார். நேரடி ஆண் வாரிசு அத்தோடு முடிந்தது. ஆனால் அரசரோடு வந்தவர்களின் கிளைகள் தமிழ்நாட்டில் தங்கிவிட்டன.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நாடு கடத்தியவர்களே இந்தக் குடும்பத்துக்கு உதவித்தொகையும் கொடுக்க வேண்டியிருந்தது. தொகை கொடுக்க, யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி வைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் குற்றமாக இருந்த அதே உறவு, கணக்குப் புத்தகத்தில் தகுதியாக மாறியது. சுதந்திர இலங்கையின் அரசும் 1960-கள் வரை இந்தத் தொகையைக் கொடுத்தது. அந்த வழியில் வந்த குடும்பங்கள் தங்கள் வேரைத் தேடும்போது, முன்னோரைச் சுமையாக நினைத்தவர்களின் ஆவணங்களையே நாட வேண்டியிருக்கிறது.

அரசரின் பொருட்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அரியணை 1934-ல் இலங்கைக்குத் திரும்பியது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய சிங்கக் கொடி 1948-ல் சுதந்திர இலங்கையின் கொடியானது. பிறகு சில மாற்றங்களோடு இன்றைய தேசியக் கொடியில் தொடர்கிறது. அரியணையும் கொடியும் ஊர் திரும்பிவிட்டன. அரசர் மட்டும் இன்னும் வேலூரில்தான் இருக்கிறார்.